அக்காவின் கோப்பில் பதினான்காம் பக்கம்: ஒரு சிகிச்சை முடிவுக் குழுவுக்குத் திறந்த மடல்

குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

என் அக்காவின் கோப்பில் பதினான்காம் பக்கத்தில் உங்கள் குழு எழுதிய குறிப்பு இது: ‘நோயாளியின் முடிவு பகுத்தறிவுக்கு உட்பட்டதல்ல. மனநல மதிப்பீட்டுக்கு அனுப்பப்படுகிறார்.’ இரண்டே வாக்கியம், கீழே மூன்று கையெழுத்து. இதனால் அவருடைய சிகிச்சை 23 நாள் தள்ளிப்போனது. மனநல மருத்துவர் அவரோடு முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, முடிவெடுக்கும் திறனில் குறையேதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அது பத்தொன்பதாம் பக்கம். அதற்குப் பிறகும் பதினான்காம் பக்கத்தை யாரும் அடிக்கவில்லை, திருத்தவில்லை. இனி அந்தக் கோப்பைத் திறக்கிற ஒவ்வொரு மருத்துவரும் அதை முதலில் படித்துவிட்டுத்தான் பத்தொன்பதுக்கு வருவார். வந்தால்.

நான் கணக்குத் தணிக்கை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பதிவேட்டில் பாதகமான குறிப்பு எழுதினால், எந்த ரசீதைப் பார்த்து, எந்த விதியை வைத்து எழுதினாய் என்று மேலே இருப்பவர் கேட்பார். பதில் இல்லையென்றால் குறிப்பை நீக்கியாக வேண்டும். பதினான்காம் பக்கத்தை அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். ரசீதும் இல்லை, விதியும் இல்லை. ‘பகுத்தறிவு’ என்ற ஒரு சொல்தான் இருந்தது. அந்தச் சொல்லை நீங்கள் என்ன பொருளில் எழுதினீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குக் குரல்வளையில் புற்றுநோய். குரல்வளையை முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்பது உங்கள் பரிந்துரை. எடுத்தால் கழுத்தில் போடுகிற துளை வழியாகத்தான் மூச்சு. சொந்தக் குரல் திரும்பாது. கருவி வைத்தோ பயிற்சி எடுத்தோ வேறு விதமாகப் பேசலாம். மாற்று வழி, 35 தடவை கதிர்வீச்சு, ஏழு வாரம். அதில் குரல் கரகரத்தாலும் மிஞ்ச வாய்ப்பு உண்டு, ஆனால் நோய் திரும்பும் அபாயம் அதிகம்.

அக்கா ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் கோடு போட்டு இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். உங்கள் மூத்த மருத்துவரிடம் அவர் கேட்டது நான்கு கேள்விகள். மூன்று வருடம் கழித்து உயிரோடு இருப்பவர்கள் இதில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர்? கதிர்வீச்சுக்குப் பிறகு நோய் திரும்பினால் அப்போது குரல்வளையை எடுக்க முடியுமா? கருவிக் குரலைப் பழக எவ்வளவு காலம் ஆகும்? கதிர்வீச்சில் விழுங்குவதற்குச் சிரமம் வருமா? கேள்விகளில் ஏதாவது குறை தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், எனக்கு இவற்றில் ஒன்றுகூடத் தோன்றவில்லை.

முதல் கேள்விக்குக் கிடைத்த பதில் இது. “ஆபரேஷன் செய்துகொண்டால் பத்தில் ஆறு பேர் பிழைப்பார்கள். ரேடியேஷன் என்றால் பத்தில் ஆறு பேர் இறந்துவிடுவார்கள்.” அக்கா கவரைத் திருப்பி, இரண்டாவதுக்கு நேராக ‘4 பிழைப்பு’ என்று எழுதினார். பிறகு நிமிர்ந்து, “அப்ப ஆறுக்கும் நாலுக்கும் வித்தியாசம் ரெண்டு. அந்த ரெண்டுக்கு நான் குரலைக் கொடுக்கணும். கொடுக்கலை டாக்டர்” என்றார்.

ஏன் என்று ஒருவர் கேட்டார். “வீட்ல சண்டை போடணும்னா எழுதியா காட்ட முடியும்?” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அது வேடிக்கையாகச் சொன்னதல்ல. அக்கா நாள் முழுக்கப் பேசுகிற ஆள். போனில் பேசுவார், தனியாக இருந்தால் ரேடியோவோடு சண்டை போடுவார். தொண்டையில் நோய் என்று தெரிவதற்கு முன்பே, சத்தம் வராத அந்த மூன்று வாரத்தில், அவர் எப்படிச் சுருண்டு போனார் என்பதைப் பார்த்தவன் நான். அந்த மூன்று வாரத்தைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மொத்தச் சந்திப்பும் ஏழு நிமிடத்தில் முடிந்தது. மறுநாள் கோப்பில் அந்த வரி இருந்தது.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். அக்கா ஒரு பாடகியாக இருந்திருந்தால்? ‘குரல்தான் அவருக்கு எல்லாம், புரிகிறது’ என்றுதான் எழுதியிருப்பீர்கள். எண்களும் நோயும் அதே. மேடையில் விற்கிற குரலென்றால் காரணம், வீட்டில் கத்துகிற குரலென்றால் மனக்கோளாறா?

சரி, சொல்லுக்கு வருகிறேன். பகுத்து அறிவது பகுத்தறிவு. கலந்து கிடப்பதைப் பிரித்துப் பார்த்து அறிவது. இந்த இடத்தில் முதலில் பிரிக்க வேண்டியவை இரண்டு: ஒரு மனிதருக்கு என்ன வேண்டும் என்பது ஒன்று, அதை அடைய அவர் எடுக்கிற வழி சரியா என்பது இன்னொன்று. உங்கள் குறிப்பு இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறது. பகுக்காமலே பகுத்தறிவைப் பற்றித் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள்.

இது நான் கண்டுபிடித்த வேறுபாடு அல்ல. ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1739-லேயே இதை முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். தன் விரலில் ஒரு கீறல் விழுவதைவிட உலகமே அழிந்துபோவது மேல் என்று ஒருவன் விரும்பினால், அது கொடுமையாக இருக்கலாம், ஆனால் பகுத்தறிவுக்கு முரணானதல்ல என்றார். விருப்பத்தைப் பகுத்தறிவு தேர்ந்தெடுத்துத் தருவதில்லை என்பது அவர் வாதம். இரண்டே சந்தர்ப்பத்தில்தான் ஒரு விருப்பத்தைப் பகுத்தறிவற்றது என்று சொல்ல இடம் கொடுத்தார். இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பி அதன்மேல் ஆசையோ பயமோ கொண்டால். அல்லது, நினைத்த காரியத்துக்கு உதவாத வழியைத் தேர்ந்தெடுத்தால். ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் இதை ஒப்புக்கொள்ள மாட்டார் என்று தெரியும். நோக்கங்களையும் அறிவு சோதிக்க முடியும், சோதிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நானும் ஹியூமை முழுக்க ஏற்கிறவன் அல்ல, உலகம் அழியட்டும் என்பவனோடு எனக்குப் பேச நிறைய இருக்கிறது. ஆனால் கான்டின் பக்கம் நின்று பார்த்தாலும், ஒருவருடைய நோக்கத்தைச் சோதிக்க அந்த நோக்கம் என்ன என்று கேட்டாக வேண்டாமா?

ஹியூமின் இரண்டு சோதனையையும் அக்காவுக்கு வைத்துப் பாருங்கள். தவறான நம்பிக்கை ஏதாவது இருந்ததா? நோய் இல்லை என்றாரா, தானாகக் கரைந்துவிடும் என்றாரா? நீங்கள் கொடுத்த எண்ணைத்தான் எழுதி வைத்திருந்தார். வழி தவறா? குரலும் வேண்டும், முடிந்தவரை உயிரும் வேண்டும், நோய் திரும்பினால் அப்போது ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்று அடுத்த படியையும் கேட்டு வைத்துக்கொண்டார். நம்மில் பலர் ஒரு வீடு வாங்கும்போதுகூட இவ்வளவு யோசிப்பதில்லை.

இப்போது அதே சோதனையை, கோபித்துக்கொள்ளாமல், உங்கள் குழுவுக்கு வையுங்கள். உங்கள் நோக்கம் அக்காவின் ஆயுளை நீட்டுவது. அதற்கு நீங்கள் தேர்ந்தெடுத்த வழி, புற்றுநோய் இருக்கிற ஒருவரை எந்தச் சிகிச்சையும் இல்லாமல் 23 நாள் காக்க வைத்தது. மனநலச் சந்திப்புக்கு நாள் குறிக்கவே இரண்டு வாரம் ஆனது. அதுவரை, கதிர்வீச்சின்போது தலை அசையாமலிருக்கப் போடுகிற முகமூடிக்கான அளவைக்கூட எடுக்கவில்லை. நினைத்த காரியத்துக்கு உதவாத வழி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் ஹியூமுக்கே கிடைத்திருக்காது.

எண்களைச் சொன்ன விதத்தையும் விட முடியாது. ஒன்றுக்குப் பிழைப்பவர்களை எண்ணினீர்கள், இன்னொன்றுக்கு இறப்பவர்களை எண்ணினீர்கள். வேண்டுமென்றே செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதன் விளைவு என்ன என்பது உங்கள் துறைக்கே நன்றாகத் தெரியும். 1982-ல் பார்பரா மெக்நீலும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா என்பது கேள்வி. சிலரிடம் ஆபரேஷனில் 100-க்கு 90 பேர் பிழைக்கிறார்கள் என்ற பாணியில் சொன்னார்கள், சிலரிடம் 100-க்கு 10 பேர் இறக்கிறார்கள் என்ற பாணியில். இரண்டும் ஒரே கணக்கு. ஆனால் பிழைப்பைச் சொன்னபோது அறுவை சிகிச்சையை விரும்பியவர்கள் கணிசமாகக் கூடினார்கள். பதில் சொன்னவர்களில் நோயாளிகளும் மாணவர்களும் மட்டுமல்ல, 400-க்கும் மேற்பட்ட மருத்துவர்களும் இருந்தார்கள். வார்த்தை மாறியதும் அவர்கள் மனமும் மாறியது. அன்று உங்கள் அறையில் அந்த வலையில் விழாமல், இறப்பைப் பிழைப்பாக மாற்றி எழுதிக்கொண்டு கணக்குப் போட்டவர் ஒருவர்தான். அவரைத்தான் நீங்கள் மனநல மதிப்பீட்டுக்கு அனுப்பினீர்கள்.

இன்னொரு ஆய்வு அக்காவின் விஷயத்தையே பேசுகிறது. 1981-ல் வெளிவந்தது, அதிலும் மெக்நீல் இருக்கிறார். குரல்வளைப் புற்றுநோய் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆரோக்கியமான 37 பேரிடம் கேட்டார்கள். 12 பேர் தீயணைப்பு வீரர்கள், 25 பேர் நிறுவன நிர்வாகிகள். பாடகர் யாரும் இல்லை. ஆபரேஷனில் ஆயுள் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தும், குரலைக் காப்பாற்றிக்கொள்ள கதிர்வீச்சே போதும் என்றவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அந்த ஆய்வாளர்கள் அவர்களைப் பகுத்தறிவற்றவர்கள் என்று பட்டியலிடவில்லை. ஆயுளின் நீளத்தை மட்டும் பார்த்தால் போதாது, அந்த ஆயுள் எப்படிப்பட்டது என்று நோயாளி நினைப்பதையும் சேர்க்க வேண்டும் என்றுதான் முடித்தார்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய பாடம் இது.

முடிவெடுக்கும் கலையைக் கணிதமாக்கியவர்களின் கதையிலும் ஒரு சுவாரசியம் உண்டு. பகுத்தறிவுள்ள ஒருவர் எப்படித் தேர்ந்தெடுப்பார் என்பதற்கு விதிகள் வகுத்தவர்களில் முக்கியமானவர் லியோனார்ட் சாவேஜ். 1952-ல் பாரிஸில் ஒரு மாநாடு. மதிய உணவு மேசையில் பிரெஞ்சுப் பொருளியலாளர் மோரிஸ் அலே அவரிடம் சில பந்தயங்களைக் காட்டி, எதை எடுப்பீர்கள் என்று கேட்டார். சாவேஜ் சொன்ன பதில்கள் சாவேஜின் விதிகளையே மீறின. அவர் பிறகு, நான் சறுக்கிவிட்டேன், விதி சரிதான் என்றார். அலேயோ, விதியில்தான் கோளாறு, மனிதர்கள் சரியாகத்தான் யோசிக்கிறார்கள் என்றார். யார் சரி என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. சாவேஜை யாரும் மனநல மதிப்பீட்டுக்கு அனுப்பவில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்கிறேன்.

நீதிமன்றங்களும் இந்த இடத்தைத் தாண்டி வந்துவிட்டன. 1993-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. 68 வயது நோயாளி, தீர்ப்பில் அவரை ‘சி’ என்றுதான் குறிப்பிடுகிறார்கள். நாள்பட்ட மனச்சிதைவு நோய் உள்ளவர், பாதுகாப்பு மிகுந்த மனநல மருத்துவமனையில் இருந்தார். தான் ஒரு பெரிய மருத்துவர் என்றுகூட நம்பினார். காலில் சதை அழுகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் பிழைக்க 15 சதவீத வாய்ப்புதான் என்றார் அறுவை மருத்துவர். ‘சி’ மறுத்தார். நீதிபதி பார்த்தது மூன்று விஷயங்களை: சொன்ன தகவல் அவருக்குப் புரிந்து மனதில் நின்றதா, அதை நம்பினாரா, எடைபோட்டு முடிவுக்கு வந்தாரா. மூன்றுக்கும் ஆம். காலை எடுக்கக் கூடாது என்பது தீர்ப்பு. அந்த ஆபத்திலிருந்து அவர் பிழைத்தார் என்பது வேறு விஷயம், பிழைக்காவிட்டாலும் தீர்ப்பு அதேதான். பின்னர் அதே நாட்டின் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம், ஒருவர் எடுத்த முடிவு விவேகமற்றது என்பதற்காக மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கருதக் கூடாது என்று எழுதியே வைத்தது. இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும், மனநலச் சிகிச்சையைப் பொறுத்தவரை, மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுகிற முடிவு என்பது மட்டுமே திறனின்மை ஆகாது என்கிறது. மனநோய் உள்ளவருக்கே இந்த மரியாதை உண்டென்றால், ஸ்கேன் கவரில் கணக்குப் போட்டவருக்கு இல்லையா?

நீங்கள் சொல்லக்கூடிய பதிலையும் நான் யோசிக்காமல் இல்லை. பயத்தில் மறுப்பவர்கள் உண்டு. யாரோ சொன்னதை நம்பி, கட்டி தானே கரையும் என்று வீட்டுக்குப் போய், பிறகு ஒன்றும் செய்ய முடியாத கட்டத்தில் திரும்பி வருகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் காட்சி உங்கள் மனதில் இருக்கும்போது ‘கொடுக்கலை டாக்டர்’ என்று ஒருவர் சொன்னால் எச்சரிக்கை மணி அடிக்கத்தான் செய்யும். அதைக் குறை சொல்ல மாட்டேன். வாதாடுங்கள். இரண்டாவது தடவையும் கூப்பிட்டு உட்கார வைத்து வாதாடுங்கள். அக்காவோடு வாதாடினால் அவருக்கும் பிடிக்கும். நீங்கள் செய்தது வாதம் இல்லை. வாதத்தை முடித்துவைக்கிற ஒரு சொல்லைப் போட்டுவிட்டு எழுந்து போனீர்கள்.

எனக்கு உறுத்துகிற இன்னொன்று. ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது. நடைபாதையில் நின்றுகொண்டு, கண்ணாடிகூடப் போடாமல், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. எத்தனை சதவீதம், என்ன ஆபத்து, எதுவும் தெரியாது. என்னைப் பகுத்தறிவுள்ளவன் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். கேள்வி கேட்டு, எழுதி, கழித்துப் பார்த்து மறுத்தவருக்குச் சந்தேகம். ஒன்றும் யோசிக்காமல் தலையாட்டியவனுக்குச் சான்றிதழ். அப்படியென்றால் உங்கள் கோப்பில் ‘பகுத்தறிவு’ என்பதற்குப் பொருள் ‘ஒப்புதல்’ என்றுதானே ஆகிறது?

தமிழில் இந்தச் சொல் பொதுவெளியில் புழங்கிய விதத்தை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. பெரியார் காலத்திலிருந்து இது கேள்வி கேட்பவர்கள் கையில் இருந்த சொல். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக ஏற்காதே, எப்படி என்று கேள், ஏன் என்று கேள் என்பதற்கான சொல். உங்கள் மேசையில் அது திரும்பிப் படுத்துக்கொண்டு, கேள்வி கேட்டவரையே கடிக்கிறது.

அக்காவுக்குக் கதிர்வீச்சு முடிந்துவிட்டது. குரல் இருக்கிறது, மணல் தாளில் தேய்த்தது போல. நோய் திரும்புமா என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. திரும்பினால் அவர் முடிவு தவறு என்று ஆகிவிடாது, திரும்பாவிட்டால் சரி என்றும் ஆகிவிடாது. அன்று தெரிந்ததை வைத்து, அன்று எப்படி யோசித்தார் என்பதுதான் கணக்கு. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒருவேளை திரும்பினால், அந்தப் பதினான்காம் பக்கத்தை யாராவது காட்டி ‘அப்போதே சொன்னோம்’ என்று சொல்லிவிடக் கூடாது.

ஆகவே நான் கேட்பது இவை. பதினான்காம் பக்கக் குறிப்பை முறைப்படி திரும்பப் பெற்று, திரும்பப் பெற்றதற்கான காரணத்தையும் தேதியையும் அதே பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். கிழித்துப்போட வேண்டாம், தணிக்கைக்காரனுக்குக் கிழித்த பக்கம் பிடிக்காது.

இனிமேல் எந்த நோயாளியின் கோப்பிலும் ‘பகுத்தறிவற்ற முடிவு’ என்ற சொல்லை எழுதாதீர்கள். அதற்குப் பதிலாக, தன் நோயைப் பற்றி அவர் என்ன நம்புகிறார், அவருக்கு எது முக்கியம், தேர்ந்தெடுத்த வழி அதற்கு எப்படி உதவும் என்று நினைக்கிறார் என்ற மூன்றையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். அதில் எங்கே பிழை என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அந்த இடத்தைச் சுட்டி எழுதுங்கள். ஒப்புக்கொள்கிறவர்களிடமும் இதே மூன்றைக் கேளுங்கள். என்னைப் போன்றவர்கள்தான் அங்கே அதிகம் மாட்டுவார்கள்.

எண்களைச் சொல்லும்போது எல்லாச் சிகிச்சைக்கும் பிழைப்பு, இறப்பு இரண்டையும் சேர்த்து, தாளில் எழுதிக் கொடுங்கள். மனநல மதிப்பீடு தேவை என்று உண்மையாகவே நினைத்தால், நோயாளி தேர்ந்தெடுத்த சிகிச்சைக்கான ஏற்பாடு அதற்காக ஒரு நாளும் நிற்கக் கூடாது. மதிப்பீட்டை மூன்று நாளுக்குள் முடிக்க முடியாதென்றால் அனுப்பாதீர்கள்.

கடைசியாக, 23 நாள் தாமதத்துக்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். அதை எனக்கு அனுப்ப வேண்டாம், கோப்பு என்னுடையதல்ல. அக்காவுக்கு எழுதுங்கள். எழுத நேரமில்லை என்றால் போன் செய்யுங்கள், எடுத்துப் பேசுவார்.

இப்படிக்கு,
நோயாளியின் தம்பி